மனக்காயத்தோடு வருகிறவரைச் சபை எப்படித் தாங்குவது: ஊழியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு குடும்பத்தில் பெரிய அடி விழுந்தால், அது விபத்தோ, வெள்ளமோ, வன்முறையோ, திடீர் மரணமோ, கிறிஸ்தவர்கள் டாக்டரிடம் போவதற்கு முன்னால் போதகரிடம்தான் போகிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்குத் தட்டினாலும் திறக்கிற கதவு அது. அதனால் மனநல மருத்துவரின் பெயரைக்கூடக் கேள்விப்படாத ஊர்களில், மனக்காயத்தை முதலில் பார்க்கிறவர் பாஸ்டரோ, ஃபாதரோ, உபதேசியாரோ, பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காவோதான்.

அவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. இதைப் படித்து யாரும் மருத்துவராகிவிட முடியாது, ஆகவும் வேண்டாம். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நடந்ததற்குக் காரணம் சொல்வது ஊழியரின் வேலை இல்லை, காயப்பட்டவருக்குப் பாதுகாப்புத் தருவதே வேலை. நம் சபைகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. பிரசங்கம் முதல் நாளே வந்துவிடுகிறது. சாப்பாடும் தூக்கமும் டாக்டரும் கடைசியில்தான் வருகிறார்கள்.

1. கண்முன் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேரதிர்ச்சிக்கு ஆளானவர் எப்போதும் அழுதுகொண்டிருப்பதில்லை. சிலர் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். "ஒண்ணுமே தோணல பாஸ்டர், மரத்துப்போச்சு" என்பார்கள். சிலருக்கு நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது, வந்தாலும் அதே காட்சி கனவில் வரும். சிலர் நடந்த இடத்தின் பக்கமே போகமாட்டார்கள். பட்டாசு வெடித்தால், கதவு பட்டென்று சாத்தினால், தூக்கிவாரிப் போடும். ஆண்கள் குடியில் விழுவார்கள், இல்லையென்றால் எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுவார்கள். பிள்ளைகள் மறுபடி படுக்கையை நனைப்பார்கள், பார்த்ததையே திரும்பத் திரும்ப விளையாடுவார்கள்.

விசுவாசிகளிடம் இன்னும் இரண்டு அடையாளங்கள் தெரியும். ஜெபிக்க முடியவில்லை என்பார்கள். ஆராதனையில் உட்கார முடியாமல் எழுந்து வெளியே போவார்கள். இதைப் பின்மாற்றம், அதாவது விசுவாசத்தை விட்டு விலகுவது, என்று சபையில் பேசுவது பெரிய அநியாயம். பயத்தில் இருக்கிற உடம்பு அமைதியாக உட்கார மறுக்கிறது, அவ்வளவுதான்.

முதல் சில வாரங்களில் இதெல்லாம் வருவது இயல்பு. பெரும்பாலானவர்களுக்குத் துணையும் ஓய்வும் இருந்தால் மெல்லத் தணியும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, வேலைக்கோ பள்ளிக்கோ போகவிடாமல், சாப்பிடவிடாமல் தடுத்தால் அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. நாள்காட்டியில் தேதியைக் குறித்து வையுங்கள். "ரொம்ப நாளா இப்படித்தான் இருக்காங்க" என்ற கணக்கு உதவாது.

அப்புறம், பேய் விவகாரம். திடீரென விறைத்துப்போவது, வேறு குரலில் பேசுவது, பேச்சு மூச்சற்று விழுவது ஆகியவற்றைப் பார்த்தவுடன் பேயைக் கட்டுகிறோம் என்று ஜெபிக்க ஆரம்பிக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. வலிப்பு நோயிலும் இப்படி வரும், கடுமையான மனக்காயத்திலும் வரும். முதலில் ஆஸ்பத்திரி. சின்ன வயதில் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணைப் பத்துப் பேர் சுற்றி நின்று, பிடித்து அழுத்தி, சத்தம் போட்டு ஜெபித்தால் அவளுக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே கொடுமை மறுபடி நடப்பது போலத்தான் அவள் உடம்பு அதை எடுத்துக்கொள்ளும்.

2. முதல் நாட்கள்: எலியாவுக்குக் கிடைத்த அடையும் தண்ணீரும்

உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வேறு அமைப்புகளோடு சேர்ந்து, உளவியல் முதலுதவிக்கு ஒரு கையேடு வெளியிட்டது. அதன் சாரம் மூன்றே வேலைகள்: பார், கேள், இணை. ஆபத்து இன்னும் இருக்கிறதா, யாருக்கு உடனடி உதவி தேவை என்று பார்ப்பது முதல் வேலை. சொல்ல விரும்புகிறவர் சொல்வதைக் கேட்பது இரண்டாவது. குடும்பத்தோடும் மருத்துவத்தோடும் அரசு உதவியோடும் இணைத்துவிடுவது மூன்றாவது.

வேதம் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1 இராஜாக்கள் 19-ல் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். வந்த தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, விசுவாசத்தைச் சோதிக்கவும் இல்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். தூதன் இரண்டாம் முறை வந்தும் சாப்பாடுதான் கொடுக்கிறான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வர இன்னும் நாற்பது நாள் பயணம் இருக்கிறது.

ஆகவே முதல் நாட்களில் ஊழியர் கவனிக்க வேண்டியவை சாதாரண விஷயங்கள்தான். இன்று ராத்திரி இந்த வீட்டில் யார் கூடப் படுப்பார்கள்? சுகர் மாத்திரை போட்டாரா? போனில் சார்ஜ் இருக்கிறதா? சின்னப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கேமராவோடு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி அனுப்ப ஒரு ஆள் வேண்டும். சபை வாட்ஸ்ஆப் குழுவில் விபத்துப் படத்தையோ, அழுகிற முகத்தையோ போட்டு "ஜெபிக்கவும்" என்று எழுத யாருக்கும் உரிமை இல்லை. போட்டிருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு தப்பெண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடனே உட்காரவைத்து நடந்ததை முழுக்கப் பேசவைத்தால் பாரம் இறங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கட்டாயப்படுத்திப் பேசவைப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் தோண்டாதீர்கள்.

3. வாயில் எது வரலாம், எது வரக்கூடாது

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இராப்பகலாய் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல ஆலோசகர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசியில் கடவுளின் கோபம் விழுந்தது கேள்வி கேட்ட யோபுமேல் அல்ல, விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் பூசையில் இருந்தவர்கள் தப்பினார்கள். கடற்கரையில் நின்ற யாத்ரீகர்கள் பலர் மாண்டார்கள். "கோயிலுக்குள்ளே இருந்தவங்களை மாதா காப்பாத்திட்டாங்க" என்று ஒருவர் நன்றியோடு சொல்வது புரிகிறது. ஆனால் பிள்ளையை மணலில் விளையாடவிட்டுப் பறிகொடுத்த தாயின் காதில் அதே வாக்கியம் எப்படி விழும்? மேடையிலிருந்து சொல்லும்போது அந்தத் தாயும் கூட்டத்தில் இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

"கர்த்தருடைய சித்தம்", "ஏதோ பாவம் இருந்திருக்கும்", "உங்களைவிடக் கஷ்டப்பட்டவங்க இருக்காங்க", "அழக்கூடாது, அவங்க பரலோகத்துல இருக்காங்க." இவை நான்கையும் முதல் மாதம் முழுக்கப் பூட்டிவையுங்கள். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்கிற ரோமர் 8:28-ஐயும்தான். அந்த வசனம் பொய் இல்லை. ஆனால் காயப்பட்டவர் தன் வாயால் என்றைக்காவது சொல்ல வேண்டியதை நாம் முந்திக்கொண்டு சொன்னால், அது வாயை அடைக்கிற கை ஆகிவிடுகிறது.

பேச்சு எப்படிப் போகலாம் என்பதற்கு ஒரு மாதிரி. விபத்தில் மகனை இழந்த அம்மாவிடம் பாஸ்டர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பாஸ்டர், நான் என்ன பாவம் செஞ்சேன்? அவனுக்கு வண்டி வாங்கிக் குடுத்ததே நான்தானே."

"அந்த நினைப்பு உங்களைத் தூங்கவிடல இல்லையாம்மா?"

"கண்ணை மூடினா அவன் முகம்தான் வருது."

"நான் இங்கேயே கொஞ்ச நேரம் இருக்கேன்மா. பேசணும்னா பேசுங்க, இல்லன்னா சும்மா இருப்போம். காலையில இருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

பாஸ்டர் "நீங்க காரணம் இல்ல" என்று உடனே வாதாடவில்லை. குற்றவுணர்ச்சியை ஒரே வாக்கியத்தில் துடைக்க முடியாது, துடைக்கப் பார்த்தால் அவர் உள்ளே அழுத்திக்கொள்வார். பல வாரங்கள் கழித்து, தூக்கம் கொஞ்சம் வந்த பிறகு, "எந்தப் பையனுக்கும் அம்மா வண்டி வாங்கித் தரத்தான் செய்வாங்க" என்று சொல்ல நேரம் வரும்.

4. தனியாகப் பேச வரும்போது

இடம்: கண்ணாடி வைத்த கதவு, அல்லது திறந்த கதவும் பார்வை படும் தூரத்தில் ஒருவரும். காயப்பட்டவரின் நாற்காலி கதவுப் பக்கம் இருக்கட்டும், வழியை மறித்து நீங்கள் உட்காராதீர்கள். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். பெண்களோடு பேச, முடிந்தவரை, பயிற்சி பெற்ற ஒரு பெண் இருக்கட்டும். எவ்வளவு நேரம் பேசப் போகிறோம் என்பதும் முன்கூட்டியே தெரியட்டும்.

இரகசியம்: கேட்டது உங்களோடு நிற்க வேண்டும். மனைவியிடமோ கமிட்டியிடமோ போகக்கூடாது. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் கதை கசிவதுதான் நம் சபைகளின் பெரிய ஓட்டை. ஒருமுறை கசிந்தால் அந்த ஊரில் அடுத்த பத்து வருஷத்துக்கு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் எல்லையையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்: உயிருக்கு ஆபத்து என்றாலோ, குழந்தைக்குக் கொடுமை என்றாலோ, நான் பேசாமல் இருக்க முடியாது.

ஜெபம்: கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பர்திமேயு குருடன் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் இயேசு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று கேட்கிறார். "இப்ப ஜெபிக்கலாமா, இல்ல வேற நாள் பாத்துக்கலாமா?" என்று கேட்டு, வேண்டாம் என்ற பதிலையும் முகம் மாறாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். தலையில் கை வைப்பதற்கும் தனியாக அனுமதி வேண்டும். உடம்பில் வன்முறை நடந்தவருக்கு, கண்ணை மூடியிருக்கும்போது மேலே விழுகிற கை ஆசீர்வாதமாகத் தெரியாது.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் அந்தச் சம்பவத்துக்குள் திரும்பப் போய்விடலாம். பார்வை எங்கோ நிலைகுத்தும், மூச்சு வேகமாகும், நீங்கள் பேசுவது கேட்காது. அப்போது கதையை நிறுத்துங்கள். தொடாமல், தாழ்ந்த குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "நீங்க இப்ப சபை ஆபீஸ்ல இருக்கீங்க, இன்னிக்கு செவ்வாய்க்கிழமை" என்று சொல்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் அழுந்தட்டும். இந்த அறையில் கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருள்களைச் சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் காதில் கேட்கிற சத்தங்களை. மூச்சை மெல்ல வெளியே விடட்டும். நிதானத்துக்கு வந்தபின் தண்ணீர் கொடுங்கள். அன்றைக்கு அதோடு போதும்.

5. புலம்ப இடம் கொடுங்கள்

நம் ஆராதனையில் துதிக்கு இருக்கிற நேரத்தில் கால்வாசிகூடப் புலம்பலுக்கு இல்லை. சங்கீதப் புத்தகத்தில் நிலைமை அப்படி இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது 13-ம் சங்கீதம். 88-ம் சங்கீதம் இன்னும் கடுமை. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும், இது திரும்புவதே இல்லை. கடைசி வரி வரை இருட்டுதான். இருந்தும் அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. ஜெபிக்க முடியவில்லை என்கிறவரிடம் இந்தச் சங்கீதத்தைக் கொடுத்து, "இப்படியும் ஜெபிக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். திட்டி ஜெபித்தாலும் அது ஜெபம்தான்.

கடற்கரை ஊர்களில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது ஆழ்கடலில் இருந்த மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. கரை ஒதுங்கிய உடல்கள் சிலவற்றை டிஎன்ஏ சோதனை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது. பலருக்கு உடலே கிடைக்கவில்லை. உடல் இல்லாத சாவில் துக்கம் தொடங்கவே மறுக்கிறது. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா, அடக்கப் பூசை வைப்பதா வேண்டாமா, பிள்ளைக்கு என்ன சொல்வது? ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லாதிருந்தால்தான் ஒருவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சட்டத்தின் பொது விதி. அதுவரை சான்றிதழ் முதல் வங்கிக் கணக்கு வரை எல்லாமே இழுபறி.

இப்படிப்பட்ட வீட்டில் ஊழியர் அவசரப்படுத்தக் கூடாது. "ஏத்துக்கோங்க" என்றும் சொல்லாதீர்கள், "வந்துடுவார்" என்றும் சொல்லாதீர்கள். இரண்டும் காத்திருக்கிற மனைவியின் மனதில் ஒரு பாதியை மறுக்கிற பேச்சு. இறந்தவருக்கான சடங்காக இல்லாமல், காணாமல் போனவரின் பெயரைச் சொல்லி ஆண்டுதோறும் ஜெபிக்கலாம். கடலோரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றலாம். அடக்க ஆராதனை எப்போது என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும். ஒரே வீட்டில் அம்மா நம்பிக்கொண்டிருப்பார், மனைவி முடிவுக்கு வந்திருப்பார். இரண்டு பேரோடும் தனித்தனியாக உட்காருங்கள். மனுக்கள் எழுத, அலுவலகங்களுக்குக் கூடப் போக ஒரு ஆளை நியமிப்பதும் ஆத்தும ஊழியம்தான்.

6. டாக்டரிடம் அனுப்புவது விசுவாசக் குறைவல்ல

பவுலின் கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) தன் மனநல மையத்தை 1957-ல் தொடங்கி, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சை பெறும் முறையைக் கொண்டுவந்தது. கிறிஸ்தவ ஊழியத்துக்கும் மனநல மருத்துவத்துக்கும் நம் மண்ணிலேயே இவ்வளவு பழைய உறவு இருக்கும்போது, "மாத்திரையை நிறுத்திட்டு விசுவாசி" என்று எந்த ஊழியராவது சொன்னால் அது ஆபத்தான உபதேசம். மருந்தைத் தொடங்கவும் நிறுத்தவும் டாக்டருக்கு மட்டுமே அதிகாரம்.

பேரதிர்ச்சியின் நாள்பட்ட பாதிப்புக்கு, அதற்கென்றே அமைந்த பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற உளவியலாளர் பல அமர்வுகளில் செய்ய வேண்டியது அது. உபவாசக் கூட்டம் அதற்கு மாற்று ஆகாது. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. டெலி மானஸ் என்ற இலவச உதவி எண் 14416, 2022 முதல் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலும் கிடைக்கிறது. இலங்கையில் 1926. எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். முதல் தடவை கூடவே போங்கள்.

யாரையும் கட்டிவைத்து, பூட்டிவைத்து "ஜெபத்தில் வைக்கும்" இடங்களுக்கு அனுப்பவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்கா இருக்கிற ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். எந்த மதத்தின் பெயரால் நடந்தாலும் சங்கிலி சங்கிலிதான். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தடைசெய்கிறது.

தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பெரும்பாலும், கேட்க ஒரு ஆள் கிடைத்த ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா எனக் கேளுங்கள். வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அன்றே அப்புறப்படுத்துங்கள். தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவது இந்த நேரத்தில் கொடுமை. ஏற்கெனவே முயன்றவரை "கேஸ் ஆயிடும்" என்று வீட்டில் மறைக்கவும் தேவையில்லை. அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும் என்கிறது அதே சட்டம்.

7. குழந்தை விஷயத்தில் கமிட்டி கூடாது, போலீஸ்தான்

பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது 2012-ன் போக்சோ சட்டம். சொல்லாமல் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். மத நிறுவனத்தைச் சேர்ந்தவர் தன் நிறுவனத்துக்குள்ளேயே செய்திருந்தால் குற்றம் இன்னும் கடுமையானதாகக் கருதப்படும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். பிள்ளையை மறுபடி மறுபடி விசாரிக்காதீர்கள். "நீ சொன்னதை நான் நம்புறேன், உன் மேல தப்பு இல்ல" என்பது போதும்.

வேதத்தில், தாவீது ராஜாவின் மகன் அம்னோன் கெடுத்த தாமாரிடம் சொந்த அண்ணன் அப்சலோம் சொன்னது, "நீ மவுனமாயிரு" என்பதுதான். அவள் அவன் வீட்டிலேயே பாழாகிக் கிடந்தாள். சபையின் பெயர் கெடும் என்று உள்ளுக்குள் பேசித் தீர்க்கிற ஒவ்வொரு கமிட்டியும் அப்சலோமின் வாக்கியத்தையே திருப்பிச் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ஊழியராக இருந்தால் விசாரணை முடியும்வரை அவர் பொறுப்பிலிருந்து விலகி நிற்க வேண்டும். வேறு ஊருக்கு மாற்றுவது தீர்வில்லை, அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

8. மன்னிப்பையும் சாட்சியையும் அவசரப்படுத்தாதீர்கள்

அடிக்கிற கணவனை மன்னித்துத் திரும்பிப் போகச் சொல்வது ஆலோசனை அல்ல. மன்னிப்பு வேறு, மறுபடி அடிபடப் போவது வேறு. முதலில் அவள் பத்திரமாக இருக்க ஒரு இடம், 181 பெண்கள் உதவி எண், தேவைப்பட்டால் வக்கீல். மன்னிப்பு எப்போது, எப்படி என்பது அவளுக்கும் கடவுளுக்கும் நடுவே உள்ளது. நாம் தேதி குறிக்க முடியாது.

சாட்சியும் அப்படியே. தேறி வருகிறவரைக் கன்வென்ஷன் மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுக்கிற ஆசை ஊழியர்களுக்கு அதிகம். கதையை நூறு பேர் முன் சொன்ன அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வருமா என்று யாரும் பார்ப்பதில்லை. அவரே கேட்டால் மட்டும், எதைச் சொல்வது எதை விடுவது என்று முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிட்டு, வீடியோ எடுக்காமல் செய்யுங்கள்.

9. சபையின் நாள்காட்டியைத் திருத்துங்கள்

2019 ஏப்ரல் 21, இலங்கையில் ஈஸ்டர் காலை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்றிலும் குண்டு வெடித்தது. சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிச் சிறுவர்கள் பலர். அந்தச் சபைகளுக்கு உயிர்த்தெழுதல் ஞாயிறும் நினைவு நாளும் ஒன்றே. நாகப்பட்டினம் கடற்கரைக்குக் கிறிஸ்துமஸும் அப்படித்தான். இந்த நாட்களுக்கு முந்தின வாரமே வீடுகளைப் போய்ப் பார்த்துவிடுங்கள். பண்டிகை ஆராதனையிலேயே பெயர்களை வாசியுங்கள். வெடி வேண்டாம்.

கடலில் மூழ்கித் தப்பியவருக்கு முழுக்கு ஞானஸ்நானம் திகிலாகலாம். எப்படிக் கொடுப்பது என்று அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஒலிபெருக்கியின் அளவு, எழுந்து போக வசதியான ஓரத்து இருக்கை, கதவை மூடாத வழக்கம் எல்லாமே செலவில்லாத ஏற்பாடுகள்.

10. கேட்கிறவருக்கும் காயம் படும்

தொடர்ந்து இப்படிப்பட்ட கதைகளைக் கேட்கிறவருக்கே தூக்கம் கெடும், வீட்டில் எரிச்சல் வரும், பிரசங்கம் வறண்டுபோகும். மாற்கு 6:31-ல் இயேசு சீஷர்களைத் தனித்துச் சற்றே இளைப்பாற அழைக்கிறார். கரையில் இறங்கினால் ஜனங்கள் முன்னாலேயே வந்து நிற்கிறார்கள். படகில் போன நேரம்தான் அவர்களுக்குக் கிடைத்த ஓய்வு. எந்த ஊழியருக்கும் பழகிப்போன நிலைமை இது. அதனால் ஓய்வு தானாக அமையும் என்று காத்திருக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் போன் வேறொருவர் கையில் இருக்கட்டும். ஒரே நேரத்தில் இத்தனை பேரைத்தான் தாங்க முடியும் என்று ஒரு எண்ணிக்கை வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் பயிற்சி பெற்ற வேறு ஆளிடம் அனுப்புங்கள். உங்கள் பாரத்தைக் கேட்க உங்கள் சபைக்கு வெளியே ஒரு மூத்த போதகரோ ஆலோசகரோ வேண்டும். அவர் யார் என்று இந்த வாரமே முடிவு செய்து, போன் போட்டு, மாதத்தில் எந்த நாள் சந்திப்பது என்று குறித்துவிடுங்கள்.